பாஸ்டனின் சிவப்புக் கோடு: ஒரு கோர்ட் வழக்கில் கருவான சுதந்திரம்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் யாரிடமும் வழி கேட்காமல் நடக்கக்கூடிய ஒரு பாதை இருக்கிறது. நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. சில இடங்களில் செங்கல் பதித்திருக்கிறார்கள், சில இடங்களில் வெறும் பெயின்ட்தான். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் 2.5 மைல் தூரத்தில், அதாவது சுமார் 4 கிலோமீட்டரில், 16 வரலாற்று இடங்கள் வந்துவிடும். ‘ஃப்ரீடம் ட்ரெயில்’ என்று பெயர். 1951-ல் இந்த யோசனையைச் சொன்னவர் உள்ளூர் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்த வில்லியம் ஸ்கோஃபீல்ட். ஊரில் இத்தனை பழைய கட்டடங்கள் இருந்தும் வருகிறவர்கள் வழி தெரியாமல் சுற்றுகிறார்களே, ஒரே கோட்டில் இணைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். நகராட்சி கேட்டுக்கொண்டது. பத்திரிகையில் எழுதியதை நகராட்சி கேட்டுக்கொண்ட அபூர்வ சம்பவங்களில் இதுவும் ஒன்று!

அமெரிக்க சுதந்திரம் என்றதும் பள்ளிப் புத்தகத்தில் படித்த தேநீர் விருந்து, துப்பாக்கிச் சண்டை, ஜார்ஜ் வாஷிங்டன் என்றுதான் ஞாபகம் வரும். பாஸ்டனில் இந்தக் கோட்டின் மேல் நடக்கும்போது தெரிகிற கதை கொஞ்சம் வேறு மாதிரி. துப்பாக்கி வெடிப்பதற்கு 14 வருடங்களுக்கு முன்பே, ஒரு கோர்ட் அறையில், கறுப்பு கவுன் போட்ட வக்கீல்களுக்கு நடுவில் இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. அதைவிட வேடிக்கை, இங்கிலாந்தை எதிர்க்க அவர்கள் எடுத்த ஆயுதமே இங்கிலாந்தின் சட்டம்தான்.

கல்லறையில் தொடங்கும் நடை

பாஸ்டன் காமன் பூங்காவில் கோடு தொடங்குகிறது. 1634-ல் ஊர்ப் பொது நிலமாக ஒதுக்கப்பட்ட 50 ஏக்கர். ஒரு காலத்தில் மாடு மேய்ந்த இடம், பிறகு பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூடாரம் போட்ட இடம். இப்போது அணில்களும் கல்லூரி மாணவர்களும். மேட்டின் மேல் தங்கக் கூம்போடு மாகாண சட்டசபை தெரியும். அதைத் தாண்டி சில நிமிடங்கள் நடந்தால் கிரானரி கல்லறைத் தோட்டம். கட்டணம் கிடையாது.

1660-ல் உண்டான இந்தக் கல்லறையில் சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் என்று புரட்சிக்காரர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அந்த மூன்று பேரைச் சுற்றியே நிற்கும். ஜேம்ஸ் ஓடிஸ் என்ற பெயர் பொறித்த கல்லின் பக்கம் ஆளே இருக்காது. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அவர்தான்.

கோடு அடுத்து கிங்ஸ் சேப்பல், பழைய பள்ளிக்கூடம் இருந்த இடம், 1718-ல் கட்டிய ஓல்டு கார்னர் புத்தகக் கடை என்று போகும். அமெரிக்க இலக்கியத்தின் பெரிய பெயர்களெல்லாம் புழங்கிய அந்தக் கடைக் கட்டடத்தில் பிற்காலத்தில் மெக்சிகன் துரித உணவுக் கடை வந்தது. மூர் மார்க்கெட்டைப் பறிகொடுத்த சென்னைக்காரர்களுக்கு அந்த வருத்தம் புரியும்.

அதற்கடுத்து ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ். இங்கேதான் ஒரு சின்ன ஆலோசனை. கோடு போகிற வரிசையும் வரலாறு நடந்த வரிசையும் ஒன்றாக இல்லை. கதை புரிய வேண்டுமானால் இதைத் தாண்டி, இரண்டு மூன்று நிமிட நடையில் இருக்கும் பழைய அரசாங்க மாளிகைக்கு முதலில் போய்விட்டுத் திரும்பி வருவது நல்லது. இரண்டு இடத்துக்கும் ஒரே டிக்கெட்தான்.

‘வாரன்ட் இருக்கா?’

கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, பொம்மைக் கடையில் வாங்கி வைத்தது போல நிற்கிறது 1713-ல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம். கூரையின் ஒரு மூலையில் சிங்கம், மறு மூலையில் ஒற்றைக்கொம்புக் குதிரை. இரண்டும் பிரிட்டிஷ் அரச முத்திரையில் இருப்பவை. கட்டடத்தின் அடியிலேயே மெட்ரோ ரயில் நிலையம். மாடிக்குப் போனால் ஆளுநரின் ஆலோசனைக் கூடம். 1761 பிப்ரவரியில் அந்த அறையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது.

வழக்கு ஒரு ‘ரிட்’ பற்றியது. ரிட் மனு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அரசாங்கம் அநியாயம் செய்தால் ஹைகோர்ட்டில் போடுவது. ஆளைக் காணவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு. இவையெல்லாம் இங்கிலாந்து சட்டத்திலிருந்து வந்தவை. பாஸ்டனில் பிரச்னையானதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ரிட்தான், ஆனால் அது எதிர்ப்பக்கம் நின்றது. ‘ரிட் ஆஃப் அசிஸ்டன்ஸ்’ கையில் இருந்தால் சுங்க அதிகாரி பகல் நேரத்தில் யார் வீட்டுக்குள்ளும், கடைக்குள்ளும், கிடங்குக்குள்ளும் நுழையலாம். கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று பூட்டை உடைத்தும் பார்க்கலாம். எந்த வீடு, என்ன பொருள், யார் புகார் சொன்னது என்று எதையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஒருமுறை வாங்கினால் ராஜா உயிரோடு இருக்கும்வரை செல்லும்.

ராஜா இறந்துவிட்டால்? ஆறு மாதத்தில் காலாவதி. 1760 அக்டோபரில் இரண்டாம் ஜார்ஜ் இறந்தார். பழைய ரிட்டுகள் எல்லாம் செல்லாமல் போகும் நாள் நெருங்க, சுங்கத் துறை புதிதாகக் கேட்டு கோர்ட்டுக்கு வந்தது. பாஸ்டன் வியாபாரிகள் எதிர்த்தார்கள். அவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்வதற்கில்லை. வரி கட்டாமல் சர்க்கரைப் பாகு இறக்குவது அந்தத் துறைமுகத்தில் சர்வசாதாரணம்.

அரசுத் தரப்பில் வாதாட வேண்டியவர் ஜேம்ஸ் ஓடிஸ். அட்மிரால்டி கோர்ட்டில் அரசு வக்கீலாக இருந்தவர். அவர் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வியாபாரிகள் பக்கம் வந்து நின்றார். அரசுக்காக எழுந்தவர் ஜெரமையா கிரிட்லி, ஓடிஸுக்கே சட்டம் சொல்லிக்கொடுத்த குரு. நீதிபதிகள் வரிசையில் நடுவில் தலைமை நீதிபதி தாமஸ் ஹட்சின்சன். அந்தப் பதவி தன் அப்பாவுக்கு வர வேண்டியது என்ற கோபம் ஓடிஸ் மனதில் உண்டு. சொந்தக் கோபமும் கொள்கையும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடிஸ் மணிக்கணக்கில் பேசினார். வீடு என்பது ஒருவனுக்குக் கோட்டை, அதில் அவன் அமைதியாக இருக்கும்வரை ராஜாவின் ஆள்கூட உள்ளே வர முடியாது என்ற பழைய இங்கிலாந்து சட்டக் கொள்கையை எடுத்தார். குறிப்பிட்ட வீட்டுக்கு, சத்தியப் பிரமாணத்தோடு கொடுக்கிற வாரன்ட் சரி. ஊர் முழுவதற்கும் ஒரே வாரன்ட் என்பது எந்தச் சட்டம் என்று கேட்டார். தமிழ் சினிமாவில் போலீஸ் வாசலில் நிற்கும்போது ஹீரோ கேட்கும் ‘வாரன்ட் இருக்கா?’ கேள்வியின் தாத்தா அது. பிறகு இன்னும் ஒரு படி மேலே போனார். 1610-ல் பானம் என்ற டாக்டரின் வழக்கில் நீதிபதி எட்வர்ட் கோக் எழுதிய தீர்ப்பைக் காட்டி, அடிப்படை நியாயத்துக்கு விரோதமாக நாடாளுமன்றமே சட்டம் போட்டாலும் அது செல்லாது என்றார். இங்கிலாந்தில் அந்தத் தீர்ப்பை அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அமெரிக்காவில் அது வேர்விட்டது.

வழக்கில் ஓடிஸ் தோற்றார். லண்டனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று தள்ளிவைத்த கோர்ட், அந்த வருடக் கடைசியில் ரிட்டுகளைக் கொடுத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அறையின் ஓரத்தில் 25 வயது ஜூனியர் வக்கீல் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பெயர் ஜான் ஆடம்ஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. 80 வயதைத் தாண்டியபிறகு அந்த நாளை நினைத்து எழுதிய கடிதத்தில், சுதந்திரம் என்ற குழந்தை பிறந்தது அந்த அறையில்தான் என்றார். இன்று அந்த அறையில் நின்றால் கீழே ரயில் போகும் அதிர்வு லேசாகக் காலில் தெரிகிறது.

அப்பன் சொத்து

குடியேற்ற மக்கள் இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கவில்லை. அப்பன் சொத்தில் பங்கு கேட்கிற பிள்ளைகள் மாதிரிதான் பேசினார்கள். 1215-ன் மாக்னா கார்ட்டா, சம்மதமில்லாமல் வரி கூடாது, வீடுகளில் சிப்பாய்களைத் தங்கவைக்கக் கூடாது என்ற 1628-ன் உரிமை மனு, 1689-ன் உரிமைச் சட்டம். ‘நாங்களும் ஆங்கிலேயர்கள்தானே, கடலைத் தாண்டினால் உரிமை தீர்ந்துவிடுமா?’ என்பதுதான் அவர்கள் கேள்வி. பிளாக்ஸ்டோன் எழுதிய சட்ட விளக்க நூல் இங்கிலாந்தில் விற்ற அளவுக்குக் கிட்டத்தட்ட அமெரிக்காவிலும் விற்றது என்று 1775-ல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். சட்டம் படித்த ஜனங்களிடம் வாலாட்டாதீர்கள் என்பது அதன் பொருள்.

வாலாட்டினார்கள். 1765-ல் முத்திரைத்தாள் வரி வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் ஸ்டாம்ப். ஓர் அரசாங்கம் வக்கீல்களையும் பத்திரிகைக்காரர்களையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. வரி மீறல் வழக்குகளை ஜூரி இல்லாத அட்மிரால்டி கோர்ட்டில் விசாரிக்கலாம் என்றது அந்தச் சட்டம். கோபம் சட்டத்தோடு நிற்கவில்லை. அந்த ஆகஸ்ட்டில் ஒரு கூட்டம் ஹட்சின்சன் வீட்டுக்குள் புகுந்து, இருந்ததையெல்லாம் அடித்து நொறுக்கி அள்ளிக்கொண்டு போனது. வீடு ஒருவனுக்குக் கோட்டை என்ற பேச்சு அன்றைக்கு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

1766-ல் வரி போனது. அடுத்த வருடமே வேறு வரிகள் வந்தன. 1768 அக்டோபரில் சிப்பாய்களும் வந்து இறங்கினார்கள்.

கொலையாளிகளுக்கு ஒரு வக்கீல்

பழைய அரசாங்க மாளிகையின் பால்கனிக்குக் கீழே சாலையோரம் வட்டமாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள். 1770 மார்ச் 5 இரவு, பனிக்கட்டி எறிந்து கேலி செய்த கூட்டத்தின் மேல் சிப்பாய்கள் சுட்டதை நினைவுபடுத்துகிற இடம். ஐந்து பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவராகச் சொல்லப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, செவ்விந்திய வம்சாவளியைச் சேர்ந்த கப்பல் தொழிலாளி. ஐவரும் கிரானரி கல்லறையில் ஒரே இடத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

பயணிகள் இங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குப்பிறகு நடந்ததுதான் பாஸ்டனின் பெருமை. சுட்ட சிப்பாய்களுக்காக வாதாட வக்கீல் கிடைக்கவில்லை. ஊரே ரத்தத்துக்கு ரத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒப்புக்கொண்டவர் அதே ஜான் ஆடம்ஸ். வயது 34. பிரிட்டிஷ் எதிர்ப்பாளர்களின் நண்பர். கூட வந்தவர் ஜோசையா குவின்ஸி. அவருடைய சொந்த அண்ணன் சாமுவேல் எதிர்த்தரப்பில் அரசு வக்கீல்!

கேப்டன் பிரஸ்டனை ஜூரி விடுதலை செய்தது. எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்கு மட்டும் கொலை நோக்கமில்லாத மரணம் விளைவித்த குற்றம். அதற்கும் தூக்குத் தண்டனை உண்டு. ஆனால் பாதிரியார்களைச் சாதாரண கோர்ட்டின் தண்டனையிலிருந்து காப்பாற்ற இங்கிலாந்தில் இடைக்காலத்தில் உண்டான ஒரு சலுகை, காலப்போக்கில் முதல்முறை குற்றவாளிகள் எல்லாருக்குமான ஓட்டையாகியிருந்தது. அதைக் காட்டி அவர்கள் உயிர் தப்பினார்கள். மறுமுறை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள்.

ஊர்க்காரர்களைச் சுட்டவர்களைக் குடியேற்ற மக்களே ஜூரியாக உட்கார்ந்து விடுவித்தார்கள். குடியேற்றங்களில் நியாயம் கிடைக்காது என்று லண்டனில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். லண்டன் அந்தப் பதிலைப் படித்ததாகத் தெரியவில்லை. 1774-ல் போட்ட சட்டத்தில், அரசு அதிகாரிகள் மேல் கொலை வழக்கு வந்தால் விசாரணையை இங்கிலாந்துக்கே மாற்றலாம் என்றது.

தேயிலைக்குப் பின்னால் வங்காளம்

இப்போது ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸுக்குத் திரும்பலாம். 1729-ல் கட்டிய வெள்ளைக் கோபுரத் தேவாலயம். 1773 டிசம்பர் 16 அன்று சுமார் 5,000 பேர் இதற்குள்ளும் வெளியிலும் நெருக்கியடித்து நின்றார்கள். ஏன் அந்தத் தேதி? அதற்கும் சட்டம்தான் காரணம். துறைமுகத்துக்கு வந்த கப்பல் 20 நாளுக்குள் வரி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கைச் சுங்கத் துறை பறிமுதல் செய்யும். நவம்பர் கடைசியில் வந்த டார்ட்மவுத் கப்பலின் கெடு மறுநாள் முடிகிறது. சரக்கோடு திரும்பிப்போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைத் தர மறுத்த கவர்னர் யார் தெரியுமா? 1761-ல் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே ஹட்சின்சன். அன்றிரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போனது.

அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. விளைந்தது சீனாவில். ஆனாலும் கதையில் இந்தியா இருக்கிறது. 1770-ன் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். கொள்ளையடித்தும் கடனில் மூழ்கிய கம்பெனி, லண்டனில் 14 லட்சம் பவுண்டு கடன் கேட்டு நின்றது. கிடங்கில் தேங்கிய தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிட 1773-ல் ஒரு சட்டம் வந்தது. அதே வருடம், அதே நாடாளுமன்றம், இந்தியாவில் கம்பெனி ஆட்சியை ஒழுங்குபடுத்த இன்னொரு சட்டமும் போட்டது. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வந்தது அதனால்தான். வங்காளத்தைப் பட்டினி போட்டவர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள் என்று அமெரிக்காவில் துண்டறிக்கைகள் எழுதினார்கள். துறைமுகத்தில் இருக்கும் தேநீர் விருந்து மியூசியத்தில் குழந்தைகள் மாதிரிப் பெட்டிகளைத் தூக்கி எறிந்து மகிழ்கிறார்கள். எறிந்த பெட்டியைக் கயிற்றால் இழுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

எரிந்த சிங்கம்

1776 ஜூலை 18 அன்று, பழைய அரசாங்க மாளிகையின் பால்கனியிலிருந்து சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள். அதன் முதல் பத்திகள்தான் உலகப் புகழ். நடுவில் இருக்கிற பெரும்பகுதி, வக்கீல் நோட்டீஸ் போன்ற குற்றச்சாட்டுப் பட்டியல். ராஜா மேல் 27 புகார்கள். சம்மதம் இல்லாமல் வரி, ஜூரி இல்லாமல் விசாரணை, கடல்கடந்து கொண்டுபோய் வழக்கு, ராஜா தயவில் வாழும் நீதிபதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய இங்கிலாந்து உரிமை நிற்கிறது. கடைசிப் புகாரில் செவ்விந்தியர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று மாலை கூரையிலிருந்த சிங்கத்தையும் குதிரையையும் இறக்கித் தெருவில் போட்டு எரித்தார்கள். இப்போது இருப்பவை பிற்காலத்தில் செய்து வைத்த நகல்கள். 1976-ல், சரியாக 200 வருடம் கழித்து, எலிசபெத் மகாராணி வந்து அதே பால்கனியில் நின்றார்.

யாருக்கு இந்த உரிமை என்ற கேள்வி கோட்டின் அடுத்த நிறுத்தத்தில் முகத்தில் அடிக்கிறது. ஃபானுயல் ஹால், ‘சுதந்திரத்தின் தொட்டில்’ என்று புகழப்படும் கூட்ட மண்டபம். 1742-ல் ஊருக்குக் கட்டிக்கொடுத்த பீட்டர் ஃபானுயலின் பணத்தில் அடிமை வியாபாரப் பணமும் உண்டு. பெயரை மாற்றச் சொல்லிக் கோரிக்கைகள் எழுந்திருக்கின்றன. ஓடிஸ் மட்டும் 1764-லேயே, கறுப்பரோ வெள்ளையரோ குடியேற்ற மக்கள் எல்லாரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்று எழுதிவிட்டார். அதை நடைமுறையில் கேட்டு வாங்கியவர் ஓர் அடிமைப் பெண். 1780-ல் ஜான் ஆடம்ஸ் எழுதிய மாசசூசெட்ஸ் அரசியல் சட்டம், எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது. அப்படியானால் நான் மட்டும் ஏன் அடிமை என்று ஒரு வக்கீலைத் தேடிப் போனார் எலிசபெத் ஃப்ரீமன். 1781-ல் ஜூரி அவருக்கு விடுதலை கொடுத்தது. அவருடைய ஊர் மாகாணத்தின் மேற்குக் கோடியில் இருப்பதால் சிவப்புக் கோடு அங்கே போகவில்லை. பாஸ்டன் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, சட்டசபைக்கு எதிரில் உள்ள ஷா நினைவுச் சின்னத்திலிருந்து தனியாக ஒரு நடைப்பாதை இருக்கிறது.

ஓடிஸின் முடிவு சோகமானது. 1769-ல் ஒரு காபி ஹவுஸ் சண்டையில் சுங்க அதிகாரி ஒருவர் தலையில் அடித்தார். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மனம் அதன்பிறகு தேறவே இல்லை. 1783 மே மாதம், ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தபோது இடி விழுந்து இறந்தார். இங்கிலாந்து தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட சமாதான ஒப்பந்தம் செப்டம்பரில்தான் வந்தது. மாகாண சட்டசபைக்குள் அவர் ரிட் வழக்கில் வாதாடும் காட்சி பெரிய சுவரோவியமாக இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் பார்க்கலாம்.

சென்னைவாசிகளுக்கு ஒரு தகவல். யார்க்டவுனில் 1781-ல் தோற்றுச் சரணடைந்தது கார்ன்வாலிஸின் படை. ஐந்தே வருடத்தில் அவர் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார், திப்புவைத் தோற்கடித்தார், அவருடைய இரண்டு மகன்களைப் பணயமாகப் பிடித்தார். அந்தக் காட்சி செதுக்கிய பீடத்தின் மேல் அவருடைய சிலை புனித ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் நிற்கிறது. அதே கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில்.

போகிறவர்களுக்கு

மே முதல் அக்டோபர் வரை நடக்க வசதி. குளிர்காலத்தில் பனி கோட்டையே மூடிவிடும். பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல். அங்கே 18-ம் நூற்றாண்டு உடையில் வழிகாட்டிகள் நிற்பார்கள். ஃபானுயல் ஹாலுக்குப் பின்னால் குவின்ஸி மார்க்கெட்டில் சாப்பாடு கிடைக்கும். ஊரின் பிரபலமான ‘கிளாம் சவுடர்’ சூப்பில் சிப்பி இறைச்சி இருக்கும், சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடவும். கோடு ஆற்றைத் தாண்டி பங்கர் ஹில் நினைவுத் தூணில் முடிகிறது. 294 படிகள். லிஃப்ட் கிடையாது.